‘ஸ்கேட்டிங் ஆன் தின் ஐஸ்’: ‘கத்தி மேல் நடப்பது’ சரியா?

சொல்லேர்:
செய்தி மொழிபெயர்ப்பில் ‘ஸ்கேட்டிங் ஆன் தின் ஐஸ்’ வந்தாலே ‘கத்தி மேல் நடக்கிறார்’ என்று போட்டுவிடுகிறார்கள். தவறு. கத்தி மேல் நடப்பவனுக்கு ஆபத்து தெரியும், ஒவ்வோர் அடியையும் அளந்து வைப்பான். மெல்லிய பனிக்கட்டியில் சறுக்குபவனோ ஆபத்தைச் சட்டை செய்யாமல் போகிறான். மேலாளரிடம் மூன்றாவது முறையும் பொய் சொல்கிற ஊழியரைப் பற்றிச் சொல்வது அது.

கரிசல்காடு:
அதுக்காக ‘மெல்லிய பனியில் சறுக்குகிறார்’னு எழுதணுமா? உறைந்த ஏரியைப் பார்க்காதவருக்கு ஏதோ வழுக்கி விழுற மாதிரிதான் தோணும். ஆபத்து வழுக்குறதுல இல்ல, பனி உடைஞ்சு அடியில இருக்குற தண்ணிக்குள்ள போறதுல. நாலு அங்குலத்துக்குக் குறைவான பனியில நடக்கவே கூடாதுன்னு குளிர்நாடுகள்ல எச்சரிப்பாங்க. இதெல்லாம் விளக்கவா முடியும்? கத்தியே மேல்.

சொல்லேர்:
பனியை வைக்கச் சொல்லவில்லையே. ‘எல்லை மீறிப் போகிறார், இன்னொரு தவறு செய்தால் அவ்வளவுதான்.’ முடிந்தது வேலை. உவமைக்கு உவமை தேடுவதுதான் வம்பு. தேடாமலே கிடைக்கிற இடமும் உண்டு: ‘பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ப்ளூ சீ’க்கு இருதலைக் கொள்ளி எறும்பு. அகநானூற்றிலேயே இருக்கிறது. அதைப் போய் ‘மதில் மேல் பூனை’ என்கிறார்கள்! பூனை எந்தப் பக்கம் குதித்தாலும் அதற்கு ஆபத்தில்லை, ஐயா.

நடுவாசல்:
‘கேனரி இன் அ கோல் மைன்’ (நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிப் பறவை) படும் பாடு இன்னும் மோசம். ‘பலிகடா’ என்று போடுகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் மணமும் இல்லை, நிறமும் இல்லை. உடல் எடைக்கு மனிதரைவிட மிக அதிகக் காற்றை இழுக்கும் சின்னப் பறவை என்பதால் கேனரி முதலில் மயங்கி விழும். தொழிலாளர் வெளியேற அவகாசம் கிடைக்கும். உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் சொன்ன யோசனை இது. பிரிட்டனில் 1986 வரை கைவிடவில்லை. சில கூண்டுகளில் குருவியைத் தெளிய வைக்க ஆக்சிஜன் குப்பியே பொருத்தியிருந்தார்கள். பலி கொடுப்பதற்கு யாராவது குப்பி வைப்பார்களா?

கரிசல்காடு:
சரி, ‘எச்சரிக்கை மணி’ன்னு போட்டா முடிஞ்சது.

நடுவாசல்:
முடியாது. மணிக்கு வலிக்காது. கேனரி தானே அடிபட்டு எச்சரிக்கிறது. சிறுகடைகள் மூடப்படுவது பொருளாதாரத்துக்குக் கேனரி என்றால், கடைக்காரருக்கு ஏற்கெனவே அடி விழுந்தாயிற்று, மற்றவர்களுக்கு இனிமேல்தான். ‘முதல் அடி சிறுகடைகளுக்கு’ என்று எழுதலாம்.

சொல்லேர்:
இது நன்றாக இருக்கிறது. ‘மணி’யைவிடச் சுருக்கமும்கூட.

கரிசல்காடு:
தலைப்புக்கு ஒத்துக்கறேன். ஆனா ‘இனி மத்தவங்களுக்கும்’ங்கிறது அதுல வரலையே? செய்தியோட முதல் வரியிலயாவது வரணும், இல்லேன்னா கேனரி பாதிதான் வந்திருக்கு. தின் ஐஸ்லேருந்து கத்தியை எடுத்துடறேன், ஆனா தூக்கிப் போட மாட்டேன். ‘வாக்கிங் எ டைட்ரோப்’ (கயிற்று மேல நடக்கிறது) வந்தா அங்கே அதுதான்.