மறு: ரீமேக்குக்கு ஒரே சொல் போதுமா?

> 'கோனன் தி பார்பேரியன்' 2011 படத்தை 'மறுவாக்கம்' என்று எழுதிவிட்டுப் போகலாமே, இதில் என்ன குழப்பம்?

வணக்கம் ஐயா,

குழப்பம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. 1982இல் ஜான் மிலியஸ் இயக்கி ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் நடித்தது முதல் படம், அதே பெயரில் 2011இல் மார்கஸ் நிஸ்பெல் ஜேசன் மொமோவாவை வைத்து எடுத்தது இது. பழையதில் சிறுவன் கோனனைச் செக்கு மாதிரியான பெரிய மரச்சக்கரத்தில் கட்டிவிடுகிறார்கள், வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளிக் கால் தடித்து அவன் தலை நிமிரும்போது ஆர்னால்ட் நிற்கிறார். புதியதில் செக்கு கிடையாது, பையன்கள் வாயில் முட்டையை உடையாமல் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அப்படியானால் ராபர்ட் ஹோவர்டு 1932 முதல் எழுதிய மூலக் கோனன் கதைகளுக்கே திரும்பிப் போய்விட்டார்களா? போர்க்களத்தில் பிறந்தவன் என்பது ஹோவர்டு சொன்னது, சரி. ஆனால் அப்பனைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்குவது அவர் கதைகளில் இல்லை, 1982 படம் போட்ட முடிச்சு அது. அதையே எடுத்துக்கொண்டதால் என் கணக்கில் இது மறுவாக்கம்தான். இருந்தாலும் இரண்டு சொல் வேண்டும்: படத்திலிருந்து படம் வந்தால் மறுவாக்கம், மூலக்கதையிலிருந்து புதிதாக எடுத்தால் மறுதழுவல். (கரும்பலகையில் எழுதினேன், பின்வரிசை சிரிக்கிறது, மறுபடியும் கட்டிப்பிடிப்பதா என்று.)

அப்புறம், இந்த வகைப் படங்களை ஆங்கிலத்தில் 'சோர்ட் அண்ட் சோர்சரி' என்பதற்கு 'வாளும் மந்திரமும்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. இங்கே மொரீஷியஸில் மந்திரம் என்றால் பிள்ளைகளுக்குக் காவடியன்று கோயிலில் ஐயர் சொல்வது. படத்து வில்லன் செய்வது சூனியம், கிரியோலில் லொங்கானிஸ் என்பார்களே, அது. விட்டலாச்சார்யா படம் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது, அங்கே நாயகனுக்கும் வரம் கிடைக்கும், இங்கே மாயம் பெரும்பாலும் எதிரி கையில், நாயகனிடம் வாளும் சந்தேகமும்தான். ஆங்கிலப் பெயரும் நம்மைப் போன்றவர்கள் எழுதிக்கொண்டதில் வந்ததுதான், 1961இல் எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் ஒரு ரசிகர் இதழில் பெயர் கேட்க இன்னொரு எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் சொன்னது.

ஆகவே 'வாள்சூனியப் படம்'. என்ன சொல்கிறீர்கள்?

*

ஐயா, புணர்ச்சிப்படி அது வாட்சூனியம் ஆகும். யாரோ கைக்கடிகாரத்துக்குச் சூனியம் வைத்தது போல இருக்கிறது.

*

அடடா, அதை யோசிக்கவில்லை. 'வாளும் சூனியமும்' என்று விரித்தே எழுதுவோம். சூனியம் பூஜ்யத்தையும் குறிக்கும் என்று யாராவது கிளம்புவதற்குள் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். பழைய தொடரை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும் ரீபூட்டுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.