புதுப்பிப்பு: முதியவர்களின் மூச்சுத்திணறல், டி-டைமர் கேள்விக்குப் பதிலும் ஒரு திருத்தமும்

கொரோனா காலத்தில் மூச்சுத்திணறலோடு வரும் முதியவருக்கு முதலில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் கருவி) என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது போதாது. 96 காட்டினாலும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழை நாலாகிவிடும். 24-ஐத் தாண்டினால் அந்த 96-ஐ நம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

டி-டைமர் (உடலில் ரத்தக்கட்டு இருக்கலாமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) முதியவர்களுக்கு எவ்வளவு வரை இயல்பு என்று பலர் கேட்டீர்கள்: 50 வயதுக்கு மேல் வரம்பு, வயதைப் பத்தால் பெருக்கிய எண் (500 என்பது வழக்கமான வரம்பாக உள்ள அலகில்). 78 வயதுக்கு 780. ஆனால் ரத்தக்கட்டு இல்லாமலே கொரோனாவும் டி-டைமர் அளவை ஏற்றிவிடும், எரிச்சலான விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி, நுரையீரல் ரத்தக்கட்டுச் சந்தேகம் வலுவாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராக சி.டி. ஆஞ்சியோ (நுரையீரல் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்). இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பாருங்கள்.

கொரோனா பாசிட்டிவ் வந்ததும் ஈ.சி.ஜி.யை விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலாக வரும்.