போட்ட காசுக்காகப் போடும் காசு

ஹட்டன் கணக்கர்:
நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குக் கரட், லீக்ஸ் ஏற்றும் ஒரு முதலாளியிடம் கணக்கு பார்க்கிறேன். அவருடைய பழைய லொறி ஒன்று இறம்பொடை ஏற்றத்தைக் கண்டாலே நின்றுவிடும். முதலில் என்ஜின், அப்புறம் கியர் பொக்ஸ், அப்புறம் டயர். "வித்துடலாமே முதலாளி" என்றால், "இவ்வளவு செலவழிச்சாச்சு, இப்பப் போய் விற்கச் சொல்றியா?" என்பார். கராஜ் பாஸுக்கு மட்டும் நல்ல காலம்.

அதே மனிதரிடம் அவர் மச்சான் தன் ஓட்டை வேனைப் பற்றி யோசனை கேட்டார். "போனது போகட்டும், தள்ளிவிடு" என்று உடனே பதில் வந்தது. அறிவு இல்லாமலில்லை, வேன் அவர் வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

பேரி ஸ்டோ என்ற ஆய்வாளர் 1976இல் வணிக மாணவர்களைக் கம்பனி அதிகாரிகளாக நடிக்க வைத்து இதையே காட்டினார். எந்தப் பிரிவுக்குப் பணம் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அது நட்டத்தில் போனதைப் பார்த்தவர்கள் அடுத்த சுற்றில் அதே பிரிவுக்கு இன்னும் அதிகமாகக் கொட்டினார்கள். முதல் முடிவை வேறொருவர் எடுத்திருந்தால் அவ்வளவு கொட்டவில்லை.

கடைசியில் முதலாளி லொறி விஷயத்தை மகளிடம் விட்டார். பழைய பில் கட்டை நான் எடுத்து வைத்தும் மகள் அதைப் புரட்டவில்லை. இனி ஒரு வருஷம் ஓட்ட எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டார். அந்த மாதமே லொறி கைமாறியது.

பதுளைக் கொழுந்துக்காரன்:
எங்களுக்குப் பிரச்சினை லொறி இல்லை, விலை. தேயிலைத் தொழிற்சாலையில் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கும் பகுதியில் இருக்கிறேன். 2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி, 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. ஏலத்தில் ரூபாக் கணக்கில் தூள் விலை ஏறியதும் கொழுந்து விலையும் பறந்தது. அடுத்த வருஷம் ரூபா தெளிந்தது, விலை இறங்கியது. தராசடியில் தினமும் சண்டை: "நீங்கதான் வெட்டுறீங்க!" 2021 விலையோடு ஒப்பிட ஒருத்தருக்கும் மனமில்லை. உச்ச விலைதான் நியாய விலையாகப் பதிந்துவிட்டது.

டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974இல் எழுதிய சோதனை இது மாதிரிதான். 10 அல்லது 65இல் நிற்குமாறு செய்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை ஊகம் 25. 65ஐப் பார்த்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த இழுவை என்றால், கையில் வாங்கிய விலைக்குக் கேட்கவா வேண்டும்?

சிரிப்பு என்னவென்றால், விவசாயிகளைத் திட்டிய எங்கள் மனேஜரும் 2022 விலையை நினைத்துக்கொண்டுதான் ஏலத்தில் தூளை விற்காமல் பின்வாங்கினார். பிறகு அவரே தராசுக்கு மேலே பலகை மாட்டினார்: அந்த மாத ஏலச் சராசரி, அதில் 68 வீதம் கொழுந்து தருபவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. சிலர் அப்படியும் வேறு இடத்துக்குப் போனார்கள். சத்தம் குறைந்தது.

தையல் அக்கா:
நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் மேலே இருப்பவர் பேசினால் கீழே எல்லாரும் தலையாட்டுவோம். புதிதாக வந்த முகாமையாளர், கெரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன முறையொன்றைச் செய்து பார்த்தார். "இந்தப் புது ஓர்டர் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது? பெயர் போடாமல் எழுதுங்கள்." ஒரு துண்டில், "தீபாவளிக் கிழமையில பிள்ளைங்க யாரும் நிக்க மாட்டாங்க, லயத்துக்குப் போயிடுவாங்க" என்று இருந்தது. கொழும்பில் போட்ட அட்டவணையில் தீபாவளியே இல்லை. திகதி மாறியது.

ஹட்டன் கணக்கர்:
அக்கா, பெயர் போடாவிட்டாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட மாட்டாரா?

தையல் அக்கா:
அந்தத் துண்டு யாருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும் தம்பி. அவருக்குத் தெரிந்தும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.