கன்னியாவில் எந்தக் கிணறு அதிகச் சூடு? கை சொன்னால் போதாதா?

உப்புவெளி அம்மா:
வணக்கம். இறந்த மாமாவின் அந்தியேட்டிச் சடங்குக்காகத் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு என்று அம்மம்மா காலத்திலிருந்தே சொல்வார்கள். நானும் ஒவ்வொன்றாக அள்ளிக் குளித்துவிட்டு, கடைசிக் கிணறுதான் சூடு குறைவு என்றேன். பத்தாம் ஆண்டு படிக்கிற மகள் மறுபக்கத்திலிருந்து குளித்து வந்தாள். அவளுக்கோ நான் முதலில் குளித்த கிணறுதான் சூடு குறைவாம்! "இதுக்குத்தான் அம்மா கருதுகோள், பரிசோதனை எல்லாம்" என்கிறாள். தலைமுறை தலைமுறையாக ஆயிரம் பேர் குளித்துச் சொன்னதை விடவா ஒரு வெப்பமானி பெரிது? உண்மையாகவே கேட்கிறேன்.

பழைய விஞ்ஞான ஆசிரியர்:
தங்கச்சி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இன்றிரவு மூன்று பேசின் எடுங்கள். ஒன்றில் கை தாங்கும் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு கையைச் சூட்டிலும் மற்றதைக் குளிரிலும் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுப் பேசினில் போடுங்கள். ஜோன் லொக் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த விஷயம் இது. தோல் வெப்பநிலையை அளப்பதில்லை. முன்பு இருந்ததை விடச் சூடா, குளிரா என்றுதான் சொல்லும்.

ஆயிரம் பேர் என்றீர்கள். ஆயிரம் பேரும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால், ஆயிரம் பேரும் ஒரே பிழையைத்தான் விட்டிருப்பார்கள். அம்மம்மா சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதை அறியத்தான் ஒரே வெப்பமானி, ஒரே ஆழம், சனம் வருமுன் விடியற்காலை, ஒழுங்கை மாற்றி மாற்றி மூன்று தரம். அளக்குமுன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறகு மனம் அதை மாற்றிவிடும்.

மருந்துக்கடைத் தம்பி:
ஆசிரியர் சொன்னதன் சாரம் 'ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் ஒரே மாதிரி வை' என்பது. அதுதான் மருந்துக்கும் உயிர்நாடி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோய் (விற்றமின் C குறைவால் வருவது) வந்த 12 மாலுமிகளை ஒரே இடத்தில் கிடத்தி, ஒரே சாப்பாடு கொடுத்து, இரண்டிரண்டு பேருக்கு ஒவ்வொரு மருந்து கொடுத்தார். வினாகிரி, கடல்தண்ணீர் கூட அதில் உண்டு. தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்கத் தீர்மானித்தது 1795இல்தான். நம் திருகோணமலைக் கோட்டையை அவர்கள் பிடித்ததும் அதே வருடம். இடைப்பட்ட அந்த 48 வருடத்தில் செத்த மாலுமிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது.

உப்புவெளி அம்மா:
ஐயா, செய்து பார்த்தேன். ஒரே பேசின், ஒரே தண்ணீர். இடக்கைக்குக் குளிர்ந்தது, வலக்கைக்குச் சுட்டது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் கை கேட்கவில்லை. மகள் சிரிக்கவில்லை, தன் கையையும் விட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் போகிறோம். இருவரின் ஊகமும் எழுதி மடித்து என் பேர்ஸில் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: கிணற்றுக்குள் வெப்பமானியைக் கட்டி இறக்குவதா, வாளியில் அள்ளி அளப்பதா? வாளி என்றால் முதல் கிணற்றின் சூடு வாளியில் மிஞ்சி நிற்காதா?