ரூலெட்டட் தட்டைச் செய்தது யார்? அரிக்கமேடா, வங்கமா?

நெய்தல்:
போன வாரம் மகளோடு புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அவள், பக்கத்திலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளை விட்டு நகரவில்லை. நான் ஓர் உடைந்த தட்டின் முன்னால் நின்றுவிட்டேன். மெல்லிய ஓடு, வழவழப்பான கறுப்பு, உள்ளே நடுவில் வட்டம் வட்டமாகச் சின்னச் சின்னக் குழிகள். தொல்லியலில் ரூலெட்டட் பானை என்பது இதைத்தான். 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்றார். பள்ளியில் நாங்கள் படித்ததும் அதுதான். 1989 முதல் 1992 வரை மறுபடி அகழ்ந்த விமலா பெக்லி, இந்தியாவிலேயே செய்தது, வீலர் சொன்ன காலத்தைவிடப் பழையது என்றார். இப்போது ஒரு நண்பர், அது வங்கத்தில் செய்தது, அரிக்கமேட்டுக்குக் கப்பலில் வந்தது என்கிறார். எதை நம்புவது?

மண்ணியல் மாணவன்:
உங்கள் நண்பர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. புனே தக்காணக் கல்லூரியைச் சேர்ந்த வி. டி. கோக்டே, பல ஊர்களில் கிடைத்த ரூலெட்டட் ஓடுகளை எக்ஸ் கதிர் சோதனைக்கு உட்படுத்தி 1997இல் முடிவை வெளியிட்டார். ஓடுகளில் உள்ள கனிமக் கலவை, வங்கத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி மண்ணோடு பொருந்துகிறது என்பது அவர் முடிவு. கங்கை வண்டலில் இமயத்திலிருந்து அடித்து வந்த கனிமங்கள் இருக்கும். அரிக்கமேட்டுப் பக்கத்து மண்ணோ தென்னிந்தியப் பாறைகள் சிதைந்து வந்தது. இரண்டும் ஒன்றாகாது. 2005இல் போர்டு, போலார்டு, கோனிங்காம், ஸ்டெர்ன் நால்வரும் வேதிக் கூறுகளை அளந்தார்கள். பல ஊர்களில் கிடைத்த ரூலெட்டட் தட்டும், தொல்லியலில் 'அரிக்கமேடு 10ஆம் வகை' எனப்படும், உள்ளே பறவை உருவம் குத்திய கிண்ணமும் ஒரே மாதிரி மண்ணில் செய்தவை என்று தெரிந்தது. ஊருக்கு ஊர் குயவர்கள் தனித்தனியாகச் செய்திருந்தால் இப்படி வராது. ஓரிடத்தில் செய்து, எல்லா இடத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

குயவர் வீட்டு வேலு:
தம்பி, சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. என் தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் சக்கரம் சுற்றியவர்கள். ஏரியில் வெட்டிய மண்ணை அப்படியே சக்கரத்தில் வைக்க முடியாது. தண்ணீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கும் சேற்றை மட்டும் வடித்து எடுத்தால்தான் மெல்லிய சாமான் வரும். சோற்றுப்பானை என்றால் அதற்கு நேர்மாறு, மணலை வேண்டுமென்றே சேர்த்துப் பிசைவோம். இல்லையென்றால் அடுப்பில் வெடித்துவிடும். ரூலெட்டட் தட்டு மணலே தட்டாத நயமான மண். அதாவது, வடித்த மண். பச்சை மண்ணில் இருந்த பாதிக் கனிமம் தொட்டியின் அடியில் போயிருக்கும். அப்படியிருக்க, வடித்த மண்ணில் செய்த ஓட்டை வடிக்காத மண்ணோடோ, மணல் கலந்த உள்ளூர்ச் சட்டியோடோ வைத்துப் பார்த்து "இது வேற ஊர் மண்" என்றால், அது ஊர் வித்தியாசமா, வேலை வித்தியாசமா?

மண்ணியல் மாணவன்:
நல்ல கேள்வி, ஐயா. மணலும் கரடுமுரடான பகுதியும் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடித்த பிறகு மிஞ்சும் நுண்ணிய களிமண்ணுக்கும் பிறந்த ஊரின் அடையாளம் உண்டு. அரிய தனிமங்கள் அதில்தான் அதிகம் ஒட்டியிருக்கும், வடிப்பதால் அவற்றின் விகிதம் முழுக்க மாறிவிடாது. இன்னொன்று. கண்ணாடி மணி செய்த கழிவு அரிக்கமேட்டில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. அதனால் அங்கே மணி செய்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தத் தட்டைச் சுட்ட சூளை எங்கே? சுடும்போது கோணிப்போன, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஓட்டுக் குப்பை எங்கே?

குயவர் வீட்டு வேலு:
சூளை ஊருக்கு வெளியே இருக்கும், புகை ஆகாது. மண்ணும் விறகும் எங்கே கிடைக்கிறதோ அங்கே போடுவார்கள். அரிக்கமேட்டில் ஆற்றை ஒட்டிய மேட்டைத்தான் தோண்டினார்கள், அதிலும் ஒரு பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது. சரி, நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன். வங்கத்தில் அந்தச் சூளையைக் காட்டினார்களா?

அந்தக் குழிப் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல் வைத்த சின்னச் சக்கரத்தை உருட்டிப் பதித்தது என்று வீலர் நினைத்தார், ரூலெட்டட் என்ற பெயரே அதனால் வந்ததுதான். பெக்லி வேறு மாதிரி சொன்னார். பாதி காய்ந்த தட்டைச் சக்கரத்தில் சுற்றவிட்டு, வளையும் மெல்லிய தகட்டை அதன்மேல் பிடித்தால், தகடு துள்ளித் துள்ளி அந்த வடுக்களைப் போடும் என்றார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சீவும்போது கை தளர்ந்தால் தகடு துள்ளி, வரி வரியாக வடு விழும். எங்கள் வீட்டில் அதற்குத் திட்டு விழும். அன்றைக்கு ஒருவன் அந்தப் பிழையையே அழகாக்கியிருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பழைய கடிகாரச் சுருள் ஒன்றை நேராக்கி, சித்தப்பா சக்கரத்தில் செய்து பார்த்தேன். முதல் நான்கு தட்டு வீண். ஐந்தாவதில் மூன்று வட்டம் ஒழுங்காக விழுந்தது. உள்ளே இருந்து வெளியே போகப் போகப் புள்ளிகளின் இடைவெளி அகன்றது. நெய்தல், அடுத்த முறை போனால் அருங்காட்சியகத்துத் தட்டில் அதைக் கவனித்துப் பாருங்கள்.

நெய்தல்:
கட்டாயம் பார்க்கிறேன் அண்ணா. அந்த ஐந்தாவது தட்டின் படம் இருந்தால் போடுங்கள்.

மண்ணியல் மாணவன்:
அருமையான சோதனை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதற்குத்தான் அது விடை. எங்கே செய்தார்கள் என்பதற்கு இல்லை. சக்கரமும் தகடும் தாம்லுக் குயவரிடமும் இருந்தன. கங்கைச் சமவெளியில் அதற்கு முன்பே வடக்குக் கறுப்பு மெருகுப் பாண்டம் என்று கண்ணாடி போல மின்னும் தட்டுகளைச் செய்தார்கள். தட்டின் வடிவம், கறுப்பு மெருகு, மெல்லிய சுவர் மூன்றுக்கும் அங்கே மூதாதை இருக்கிறது.

குயவர் வீட்டு வேலு:
கறுப்பாகச் சுடுவது வடக்குக்கு மட்டும் தெரிந்த வித்தையா? ஆதிச்சநல்லூர்க் கறுப்பு சிவப்புப் பானைகள் இருக்கின்றனவே. காற்றை எங்கே அடைக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியாமல் ஒரே பானையில் இரண்டு நிறம் வராது.

உறி:
இருவரும் மன்னிக்கணும், நடுவில் வருகிறேன். நான் ராமநாதபுரம் பக்கம். எங்கள் அழகன்குளத்திலும் இந்த ஓடு கிடைத்திருக்கிறது. பூம்புகார், இலங்கையில் அனுராதபுரக் கோட்டைப் பகுதி, திஸ்ஸமகாராம, கடல் தாண்டிப் பாலித் தீவின் வடகரையில் செம்பிரன், மேற்கே செங்கடல் கரையில் பெரெனிகே என்று நீள்கிறது பட்டியல். நீங்கள் "யார் செய்தது" என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் சாப்பிட்டது யார் என்று யாருமே கேட்கவில்லை.

இது மிளகு மாதிரி விலைக்குப் போகும் சரக்கு அல்ல, சாப்பாட்டுத் தட்டு. பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அது சரக்கு. அதே துறைமுகத்தில் இந்தியச் சமையல் பானைகளும் கிடைத்தன. எகிப்துக்காரருக்கு விற்க எவரும் கரி பிடித்த சோற்றுப்பானையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அங்கே தங்கி, சமைத்துச் சாப்பிட்ட நம் ஆட்களின் சாமான் அது. அதே கரையில் குசைர் அல் காதிமில் கிடைத்த ஓட்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை. என் ஆச்சி வீட்டில் மோர்ப்பானை தொங்கிய அதே உறி. நான் இங்கே இந்தப் பெயர் வைத்துக்கொண்டதே அதனால்தான்.

ஆகவே செம்பிரனில் ஒரு தட்டு கிடைத்தால், அதை வாங்கியவர் பாலிக்காரரா, கையோடு கொண்டுபோனவர் கப்பல்காரரா என்று முதலில் கேட்க வேண்டும். கையோடு போனது என்றால், செய்த ஊர் எதுவாக இருந்தாலும் அரிக்கமேடு அதை வாங்கிப் புழங்கிய ஊராக இருந்திருக்கலாம்.

மண்ணியல் மாணவன்:
புழக்கம் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன் அக்கா. பெரெனிகே சமையல் பானை, சரி. ஆனால் ரூலெட்டட் தட்டு அனுராதபுரத்தில் ஏதோ ஒன்றிரண்டு அல்ல, நிறையவே கிடைக்கிறது. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் தலைநகரம் அது. அங்கே சாப்பிட்டவர் கப்பல்காரர் அல்ல, ஊர்க்காரர். தட்டடியில் தட்டு அடுக்கினால் நூறு தட்டு கொஞ்ச இடத்தில் அடங்கும். பெரிய சரக்கோடு சில்லறைச் சரக்காக ஏற்றி விற்றிருக்கிறார்கள்.

உறி:
அனுராதபுரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. செம்பிரனுக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கூடவே கிடைக்கும் சமையல் சட்டி உள்ளூர் மண்ணா, இந்திய மண்ணா என்று பார்த்தால் தெரியும்.

குயவர் வீட்டு வேலு:
தம்பி, ஒரு வேலை செய்யலாமா? எங்கள் ஊர் ஏரி மண்ணில் ஒரு படி பச்சையாக, ஒரு படி வடித்து, இரண்டிலும் வில்லை செய்து சுட்டு அனுப்புகிறேன். உங்கள் கல்லூரிக் கருவியில் வைத்துப் பாருங்கள். வடித்ததும் வடிக்காததும் ஒரே ஊர் என்று கருவி சொன்னால், அரிக்கமேட்டுக்காக நான் போடும் சண்டையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

மண்ணியல் மாணவன்:
அனுப்புங்கள் ஐயா. தொட்டியின் அடியில் தங்கும் மணலிலும் ஒரு பிடி வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.