கரண்ட் போய் வந்தா கலைஞ்சு போற விண்டோக்கள்: உங்க அனுபவம் என்ன?

கொழிஞ்சாம்பாறை:

டைப்பிங், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஒரு சின்னக் கடை வெச்சிருக்கேங்க. பாலக்காடு ஜில்லாதான், ஆனா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு நம்மாளுங்க. டியூஷன் சென்டர்க்காரங்க மாடல் கொஸ்டின் பேப்பர் கொண்டாந்தா தமிழ் மீடியத்துக்கு ஒண்ணு, மலையாளத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா அடிச்சாகணும். அதுக்காகவே ரெண்டு மானிட்டர். வலது பக்கம் 24 இஞ்ச், அதுல தமிழ் ஃபைலும் மலையாள ஃபைலும் தோளோட தோள் ஒட்டி நிக்கும். இடது பக்கம் பழைய 19 இஞ்ச் சதுர மானிட்டர், அதுல வாட்ஸப்பும் பிரவுசரும். இந்த அடுக்கு கைக்குப் பழகிப் போச்சு. கண்ணைத் திருப்பாமயே மவுஸ் அங்க போய் நிக்கும்.

ஆடி மாசமானா கணவாய்க் காத்து. ஒரு தென்னமட்டை கம்பியில விழுந்தாப் போதும், கரண்ட் காலி. சிபியூவும் பழைய மானிட்டரும் யூபிஎஸ்ல ஓடுது. 24 இஞ்ச் மட்டும் சுவத்து பிளக்குல. (ஏன்னு கேக்காதீங்க, யூபிஎஸ்ல ஓட்டை பத்தல.) அது அணைஞ்ச நிமிஷத்துல எல்லா விண்டோவும் பொலபொலன்னு 19 இஞ்சுக்குள்ள வந்து விழுந்திரும். கரண்ட் வந்தப்புறம் சிலது வீடு திரும்பும், சிலது அங்கயே குடியிருக்கும். கவுண்டர்ல நாலு பேரு நிக்கறப்ப ஒவ்வொண்ணா இழுத்து ஒட்ட வெச்சிட்டிருந்தா எப்படி இருக்கும்?

போன வருஷம் பெர்சிஸ்டன்ட் விண்டோஸ்னு ஒண்ணு இறக்கினேன். காசு இல்ல, ஓப்பன் சோர்ஸ். இன்ஸ்டால் பண்ற வேலையும் இல்ல, ஜிப்பைப் பிரிச்சு ஓட்டினா கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஐகான் வந்து உக்காந்துக்கும். எந்த விண்டோ எந்த இடத்துல, எத்தனை அகலம்னு தானாவே குறிச்சு வெச்சுக்கும். மானிட்டர் திரும்பி வந்தா பழையபடி அடுக்கும். முதல் தடவை அது நடந்தப்ப யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் வந்து மேசையை ஒதுக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

மெஷினை அணைச்சுப் போட்டாலும் நினைவு இருக்கணும்னா மெனுவுல டிஸ்க்கில் சேமிக்கிறதுக்கு தனியா ஒரு வரி இருக்கு. அங்கதான் மாட்டினேன். கடை சாத்தற நேரத்துல அதை அழுத்தறது வழக்கம். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயி, எல்லாம் 19 இஞ்சுல குமிஞ்சு கிடக்கு. நான் அவசரத்துல அப்படியே அழுத்திட்டுப் பூட்டிட்டேன். மறுநாள் காலையில ரீஸ்டோர் குடுத்தேன். நேத்து ராத்திரிக் குப்பையை அட்சரம் பிசகாம கொண்டாந்து கொட்டுச்சு! நல்ல அடுக்கு மேல கெட்டதை நானே எழுதி வெச்சிருக்கேன், யாரைத் திட்ட? இப்ப காலையில, எல்லாம் சரியா இருக்கறப்ப மட்டும்தான் சேமிக்கறேன்.

உங்களுக்கு இந்த மாதிரி ஏதாச்சும் நடந்திருக்கா? என்ன பண்ணினீங்க?

நகரி:

அக்கா, உங்க 24 இஞ்ச் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்லதானே இருக்கு? சுவிட்ச் அணைஞ்சா அந்த கேபிளையே யாரோ பிடுங்கிட்ட மாதிரி கம்ப்யூட்டருக்குத் தகவல் போயிடும். பழைய விஜிஏ கேபிள்ல மானிட்டரை அணைச்சாலும் பெரும்பாலும் கண்டுக்காது, அதனாலதான் முன்னாடி எல்லாம் இந்தத் தொல்லை நமக்குத் தெரியலை.

இன்னொரு சமாச்சாரம். விண்டோஸ் எல்லா இடத்தையும் கணக்கு வெக்கிறது முதன்மை மானிட்டரோட இடது மேல் மூலையில இருந்து. அதுதான் 0, 0. உங்க பழைய மானிட்டர் இடது பக்கம் இருக்கு, 1280 புள்ளி அகலம். அப்படின்னா அதுல நிக்கிற விண்டோவுக்கெல்லாம் கிடைமட்டக் கணக்கு மைனஸ்ல, மைனஸ் 1280ல இருந்து. 24 இஞ்ச் அணைஞ்சதும் பழைய மானிட்டரே முதன்மை ஆயிடுது, அதோட மூலையே 0, 0 ஆயிடுது. ஊருக்கே கதவு எண் மாத்தின மாதிரி. விண்டோ தடுமாறாம என்ன செய்யும்?

என் கதை வேற. சென்னைக் கம்பெனிக்கு வீட்டுல இருந்து வேலை, பின்கட்டுல பவர்லூம் ஓடுது, மீட்டிங்ல மியூட் எடுக்கவே பயம். லேப்டாப்ல எழுத்து அளவு 150 சதவீதம், வெளி மானிட்டர்ல 100. லேப்டாப்பைக் கழட்டி மாடிக்கு எடுத்துட்டுப் போய்த் திரும்பி வந்து மாட்டினா சில விண்டோ ஒன்றரை மடங்கு ஊதிப் போய் நிக்கும், சிலது சுருங்கி. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதுக்குள்ள மல்டிப்பிள் டிஸ்ப்ளேஸ் போனா, மானிட்டர் இணைப்பைப் பொறுத்து இடத்தை நினைவு வெச்சுக்கிற ஒரு டிக் இருக்கு. முதல்ல அதைப் பாருங்க. அதுலயே முக்கால்வாசி தீர்ந்துடும், தனி மென்பொருளே வேணாம். எனக்கு மிச்சக் கால்வாசி ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேற இடத்துல இருக்கற கம்ப்யூட்டரை நெட் வழியா இயக்கறது. உள்ளே நுழையும்போது ரெசல்யூஷன் மாறும், வெளியே வந்தா எல்லாம் கலைஞ்சிருக்கும். அதுக்கு மட்டும் நீங்க சொன்னதையே வெச்சிருக்கேன்.

ஒண்ணு கவனிங்க. அட்மின் உரிமையில ஓடுற நிரலை, சாதாரண உரிமையில ஓடுற நிரலால நகர்த்த முடியாது. விண்டோஸ் விடாது. "இது ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குது"ன்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சேன், கடைசியில இதான் காரணம்.

போடி:

ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதுறேன். ஏலம் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலம், ஒண்ணு இங்க போடியில, ஒண்ணு மேல கேரளாவுல புற்றடியில. ரெண்டுக்கும் தனித்தனி எக்செல். லாட் நம்பர், மூட்டை, எடை, விலைன்னு ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். அதனால இடது பக்கம் போடி, வலது பக்கம் புற்றடின்னு ஒரு விதி. எக்செல் 2013ல இருந்து ஒவ்வொரு ஃபைலும் தனி விண்டோவாத்தான் வருது, அது வசதிதான்.

ஆனா நான் ஃபைல் பேருல தேதியைச் சேத்து வைப்பேன். அடுக்கைத் திருப்பிக் கொண்டு வர்ற மென்பொருளுக்கு ஆளை அடையாளம் காட்டுறதே நிரலோட பேரும் மேல எழுதியிருக்கிற தலைப்பும்தான். நேத்து தேதி போட்ட தலைப்பைத் தேடிட்டு, கிடைக்கலைன்னதும் ரெண்டு எக்செல்ல ஏதோ ஒண்ணை எங்கயோ வச்சிருச்சு. நான் பழக்கத்துல இடது பக்கம் போடின்னு நெனச்சு பதினோரு லாட்டுக்கு விலையை அடிச்சிட்டேன். அது புற்றடி. முதலாளி சாயந்தரம் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அப்புறம் ஃபைல் பேரை மாத்தாம 'போடி', 'புற்றடி'ன்னே வச்சிட்டேன். ராத்திரி தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வேற ஃபோல்டர்ல போட்டிருவேன். போடி ஷீட்டுக்கு மேல் வரிசையில பச்சை, புற்றடிக்கு மஞ்சள். என்னைக் கேட்டா இந்தக் கலர்தான் பெரிய மென்பொருள்.

இப்ப பவர்டாய்ஸ்ல வொர்க்ஸ்பேசஸ்னு ஒண்ணு இருக்கு, 2024ல சேத்தாங்க. மைக்ரோசாஃப்ட்டே குடுக்கிறது, இலவசம். மத்தது பெரும்பாலும் திறந்து கிடக்கிற விண்டோவைத்தான் நகர்த்தும். இது நிரலையே திறந்து, அந்தந்த இடத்துல வச்சிக் குடுக்கும். நிரலுக்குப் பக்கத்துல ஆர்க்யூமென்ட்டுன்னு ஒரு கட்டம் வரும், அதுல ஃபைலோட முழு முகவரியையும் எழுதி விட்டா ஃபைலும் சேந்தே திறக்கும். முகவரியில இடைவெளி இருந்தா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும். நான் போடாம அரை மணி நேரம் முழிச்சேன்.

மூணாறு:

நான் தமிழ் மீடியம் பள்ளியில இருக்கேன். எங்க லேப்ல விண்டோஸ் இல்ல, கேரளப் பள்ளிகளுக்குன்னு இருக்கற கைட் லினக்ஸ்தான், இந்த மென்பொருள் எதுவும் அங்க வராது. லினக்ஸ்ல விண்டோக்களைத் திரையில காட்டுற பழைய முறை எக்ஸ் லெவன் (X11), அதுல ஓடுற மெஷின்ல டபிள்யூஎம்-கண்ட்ரோல்னு (wmctrl) ஒரு கட்டளை இருக்கு. ஒவ்வொரு விண்டோவோட இடம், அகலம், உயரத்தை லிஸ்ட்டா எடுத்து வச்சிட்டு, அதே எண்ணைத் திருப்பிக் கொடுத்தா அங்க போய் நிக்கும். பத்து வரி ஸ்கிரிப்ட். புது முறையான வேலண்ட்ல இது நடக்காது, அங்க ஒரு நிரல் தன் விண்டோவையே இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, அடுத்தவங்க விண்டோவை எங்க நகர்த்துறது.

கொழிஞ்சாம்பாறை:

நகரித் தம்பி, அந்த மைனஸ் கணக்கு இப்பத்தான் புரியுது. நான் முதல்ல சொன்னது பழைய அடுக்கு. சித்திரையில போட்டோஸ்டாட் மெஷின் வாங்கி இடது பக்கம் வெச்சோம். அதனால பழைய மானிட்டர் வலது பக்கம் போச்சு. செட்டிங்ஸ்லயும் மாத்தி வெச்சேன். ஆனா சேமிச்சு வெச்ச அடுக்கு பழசு. ஒரு பாட்டிக்கு பென்ஷன் அப்ளிகேஷன் போட்டுட்டிருக்கேன். அடுக்கைச் சரி பண்ணலாம்னு ரீஸ்டோர் குடுத்தேன், பிரவுசரைக் காணோம். கீழ டாஸ்க்பார்ல இருக்கு, அழுத்தினா மினுங்குது, ஸ்கிரீன்ல இல்ல. பாட்டி "எந்தாச்சு மோளே, போயோ?"ன்னு கேக்குது. எனக்கு வேர்த்துருச்சு. அப்ப அது மைனஸ் பக்கத்துல, மானிட்டரே இல்லாத இடத்துல நின்னிருக்கு.

ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, எம் அழுத்தி, அம்புக்குறியில ஏதாச்சும் ஒண்ணைத் தட்டினா விண்டோ மவுஸோட ஒட்டிக்கும்னு கோயமுத்தூர்ல படிக்கிற என் பையன் ஃபோன்ல சொன்னான். அதுலதான் இழுத்துக் கொண்டாந்தேன். விண்டோஸ் கீ, ஷிஃப்ட்டோட அம்புக்குறி தட்டினாலும் அடுத்த மானிட்டருக்குத் தாவுமாம். அது அப்பறம் தெரிஞ்சுது. பாட்டி அப்ளிகேஷன் போயிருச்சு, நம்பரும் வந்துருச்சு.

போடிக்காரரே, கலர் யோசனையை எடுத்துக்கறேன். தமிழ் பேப்பருக்கு மஞ்சள், மலையாளத்துக்கு பச்சை.

அப்புறம், நேத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி 24 இஞ்சையும் யூபிஎஸ்லயே சொருகிட்டேன். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ஒரு விண்டோ அசையல. பாக்ஸ்ல ஒரு ஓட்டை மிச்சம் இருக்கறதைப் பாத்துட்டு வீட்டுக்காரர் போட்டோஸ்டாட் மெஷின் பிளக்கையும் கையில எடுத்துட்டு வந்தாரு. நல்லவேளை, நான் கடையில இருந்தேன்.