மாமா பையன் லேப்டாப்பில் மட்டும் டயர் பறக்குது, ஏன்?

டயர்வண்டி:
வணக்கம். கோவில்பட்டியில செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கடை சாத்தினதும் ராத்திரி ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் கோடு எழுதுவேன். படிச்சதெல்லாம் இல்ல, யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு கேம் பண்ணியிருக்கேன். சின்ன வயசுல பழைய சைக்கிள் டயரைக் குச்சியால தட்டி ஓட்டுவோமே, அது. தெருவுல டயர் உருளும், ஸ்பேஸ் பாரைத் தட்டினா குழியைத் தாண்டும். ஒரு நிமிஷத்துல எத்தனை கடலைமிட்டாய் பொறுக்குறோமோ அதுதான் ஸ்கோர்.

கடை மானிட்டர்ல அம்சமா ஓடுது. பொங்கலுக்கு மெட்ராஸ்லேர்ந்து மாமா பையன் புது கேமிங் லேப்டாப்போட வந்தான். அதுல திறந்தா டயர் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது. "அத்தான், டயருக்குள்ள ராக்கெட் ஏதும் வச்சிருக்கீங்களா?"ன்னு ஒரே சிரிப்பு. கோடு ரெண்டுலயும் ஒண்ணுதான். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் வச்சு லூப், ஒவ்வொரு சுத்துக்கும் டயரோட எக்ஸ்ல, அதாவது டயர் ஸ்கிரீன்ல குறுக்குவாட்டுல எங்க நிக்குதுங்கிற எண்ல, 4 கூட்டுறேன். லேப்டாப் பவர் ஜாஸ்தின்னா கேமும் ஓட்டம் பிடிக்குமா என்ன?

அரைத்தூக்கம்:
பவர் இல்ல, ஸ்கிரீன். அது 144 ஹெர்ட்ஸான்னு, அதாவது நொடிக்கு 144 தடவை வரையுதான்னு பாருங்க. ஸ்கிரீன் புதுசா வரையிற ஒவ்வொரு தடவையும் பிரவுசர் உங்க லூப் ஃபங்ஷனைக் கூப்பிடும். உங்க மானிட்டர் 60ன்னா நொடிக்கு 240 பிக்சல், அங்க 576. வேகத்தை நொடிக்கணக்குல வைங்க. கூப்பிடுறப்பவே பிரவுசர் மில்லிசெகண்ட்ல நேரத்தைக் கொடுக்குதே, போன தடவை நேரத்தை அதுல கழிச்சு ஆயிரத்தால வகுத்தா டெல்டா, அதாவது ரெண்டு சுத்துக்கு நடுவுல எத்தனை நொடி போச்சுன்னு. 240ஐ அதால பெருக்கி எக்ஸ்ல கூட்டுங்க.

சும்மாஇரு:
ஸ்கிரீனை 60க்கு மாத்தி ஆடச் சொல்லுங்க ப்ரோ. முடிஞ்சது கதை.

பழைய386:
தம்பி சும்மாஇரு, ஆடுற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் மாத்துவீங்களா? இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல. முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தை நம்பி எழுதின கேம்கள் அடுத்து வந்த மெஷின்கள்ல கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். அதுக்குத்தான் கேபினெட்ல டர்போன்னு ஒரு பட்டன். பேர்தான் டர்போ, வேலை என்னவோ மெஷினை மெதுவாக்குறது! 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்ல 55 ஏலியன், ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஸ்கிரீன் ஒரு தடவை வரையிறதுக்கு, ஒண்ணுதான் நகரும். சுடச்சுட எண்ணிக்கை குறையும், மிச்சம் இருக்கிறதுக்கு முறை சீக்கிரம் வந்துடும். கடைசி ஒண்ணு தலைதெறிக்க ஓடுறது அதனாலதான். அதை எழுதின நிஷிகாடோ அப்படியே விட்டுட்டார். அந்தப் பதட்டம்தான் ஆட்டமே.

டயர்வண்டி:
144தான், செட்டிங்ஸ் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டான். டெல்டா போட்டதும் ஓட்டம் சரியாயிடுச்சு, நன்றி அரைத்தூக்கம். இப்ப புதுப் பஞ்சாயத்து. எனக்கு டயர் 115 பிக்சல் கிட்ட எகிறுது. அவனுக்கு 50 கூட எட்டல, எல்லாக் குழியிலயும் டொப்பு டொப்புன்னு விழுது. குதிக்கிறப்ப மேல் வேகம் 720 கொடுத்து, அதையும் டெல்டாவால பெருக்கித்தான் நகர்த்துறேன். ஒவ்வொரு சுத்துலயும் 36 குறைச்சுக்கிட்டே வர்றேன்.

அரைத்தூக்கம்:
அந்த 36தான் திருடன். உங்க வீட்டுல நொடிக்கு 60 தடவை குறையுது, அங்க 144 தடவை. அவன் ஊர்ல புவியீர்ப்பு ரெண்டரை மடங்குன்னு வச்சுக்கங்களேன். 36க்குப் பதிலா 2160ஐ டெல்டாவால பெருக்கிக் குறைங்க. அப்பவும் ரெண்டு பேர் குதிப்புக்கும் மூணு நாலு பிக்சல் வித்தியாசம் வரும், தாவித்தாவிக் கணக்குப் போடுறதால. குழித் தாண்டலுக்கு அது பரவாயில்ல. துல்லியமா வேணும்னா நேரத்தைச் சேர்த்து வச்சு, அறுபதில் ஒரு நொடி சேர்ந்தாத்தான் ஒரு படி நகர்த்தணும்.

இன்னொண்ணு. ஆட்டத்தின் நடுவுல வேற டேபுக்குப் போயிட்டு வந்து பாருங்க.

டயர்வண்டி:
ஐயோ. டயர் தரையைப் பொத்துக்கிட்டுக் கீழே போயிடுச்சு!

அரைத்தூக்கம்:
டேப் மறைஞ்சா லூப் நின்னுடும். திரும்பி வந்தா டெல்டா பத்து நொடின்னு நிக்கும், ஒரே எட்டுல தரையைத் தாண்டிடும். டெல்டா 0.05க்கு மேல போனா 0.05ன்னே வச்சுக்கங்க.

டயர்வண்டி:
எல்லாம் சரி. 2160 போட்டதும் அவனும் குழி தாண்டுறான், ஆனா "முன்ன இருந்த விறுவிறுப்பு இல்ல அத்தான்"னு இப்ப முனகல்.

கடைசியா ஒரு சந்தேகம், இது கோடு சம்பந்தப்பட்டது இல்ல. பழைய வேகத்துல ஆடி 161 கடலைமிட்டாய் எடுத்து லிஸ்ட்ல முதல் இடத்துல உட்கார்ந்திருக்கான். நான் எழுதின கேம்ல நான் 74. அதை அழிக்கலாமா? அழிச்சா ஆடிக்கு மாமா வீட்டுல சோறு கிடைக்காது.

பழைய386:
இருக்கட்டும் விடுங்க. பக்கத்துல "டர்போ"ன்னு போட்டு வைங்க.